மண் வகை: பொருத்தமானதற்குக் கீழே கோடிடுக

களி, மணல், கிரவல், பாறை.
நாலில் ஒன்றுக்குக் கோடிட்டால்
முதற்கட்டக் காசு வரும்.

புரட்டாதியில் போனேன்.
கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே
மூன்றாம் வாய்க்கால் தாண்டி
தவறஞ்சினியின் வளவு வெடித்துக் கிடந்தது.
ஒரு வெடிப்புக்குள் அடிமட்டத்தை விட்டேன்.
பன்னிரண்டு அங்குலமும் உள்ளே போய்
விரல் மண்ணில் முட்டியது.
களி என்று கோடிட்டேன்.

"கோடைக்கு வாய் பிளக்கும், மாரிக்கு வயிறு ஊதும்.
இதுக்கு மேல வீடு வைக்கிறது
எருமையில கட்டில் போடுற மாதிரி, மிஸ்"
என்றார் மேசன் செபமாலை.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

வரைபடம் கொழும்பில் கீறியது.
ஐந்நூற்றைம்பது சதுர அடி, இரண்டு அறை, ஒரு விறாந்தை.
அத்திவாரம் இரண்டடி மூன்றங்குலம்,
மன்னாருக்கும் மலைநாட்டுக்கும் அதுவேதான்.
மண் என்பது அதில்
சுவருக்குக் கீழே கொஞ்சம் புள்ளிகள்.

வடகிழக்கு மூலையில்
செபமாலை குத்திய அலவாங்கு
தடுப்பில்லாமல் இறங்கியது.
நாலடி.
வெட்டினார்கள்.
உக்கிய பனங்குற்றி ஒன்று,
உரப்பையின் பச்சை நூல்,
கறுத்த களிக்கு நடுவே வெள்ளை மணல்,
இந்த ஊரில் இல்லாத மணல்.

யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
தவறஞ்சினி மட்டும் கட்டிய கயிற்றைத் தாண்டி வந்து
எட்டிப் பார்த்தாள்.
"ஏழு பேர் இருக்கலாம்" என்றாள்,
அறையின் அளவு சொல்வதுபோல.
"மழைக்கு முழங்கால் மட்டும் தண்ணி.
பால்மாப் பேணியால அள்ளி ஊத்துவம்."

வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்
என் தொழிலைக் கேட்டேன்:
எந்தப் பக்கத்தால வரும்?

யோசிக்கவே இல்லை.
"தெற்கால. அந்த வேம்படியால.
முதல்ல சுவர் வேர்க்கும்.
பிறகு இந்த மூலையில ஊறும்.
நாங்கள் மூலையில இருக்கிறேல்ல."

நிலமட்ட அளவையாளர் ஒருவரும்
எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

படிவத்தின் ஓரத்தில் 'நிரவிய மண்' என்று எழுதினேன்.
கந்தோர் அதைச் சிவப்பால் வெட்டி அனுப்பியது.
நாலு லோட் கிரவல் பறித்தாள்,
மலசலகூடத்துக்கு வைத்திருந்த காசில்.
அரையடிக்கு அரையடி நனைத்து இடித்தார்கள்.
தெற்கே வேம்படியிலிருந்து வீட்டைச் சுற்றி
ஒரு சாய்வான கான்,
அடியில் உடைந்த ஓடு.

கார்த்திகையில் பக்கத்து வளவு வரப்பிரகாசம்
கானின் வாயில் மண்மூட்டை அடுக்கினார்.
"உங்கட வீடு காயிறதுக்கு
என்ர வெங்காயம் அழுகிறதோ?"
பேச்சு பங்குத்தந்தை வரை போனது.

செபமாலை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி
ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தார்,
மற்றதை அவள் கையில்.
இரண்டு வளவும் ஒரே மட்டம்.
பிறகு வீதிக்குக் கொண்டுபோனார்.
போன வருசம் போட்ட கொங்கிறீற் வீதி
இருவரையும் விட ஒன்பது அங்குலம் உயரம்.
மதகு ஒன்றும் வைக்கவில்லை.

பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினேன்.
இரண்டாம் கடிதத்தையும் எழுதினேன்.

மார்கழியில், அடைமழை விட்ட காலையில்,
வீதிக்குக் குறுக்கே ஒன்பது அங்குலக் குழாய் ஒன்று
புதைந்திருந்தது. மேலே பூச்சு
விளிம்பு மடிந்து, அழகாய்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
வரப்பிரகாசத்தின் சாரத்தில் சீமெந்து காய்ந்திருந்தது.
நான் கேட்கவில்லை. தண்ணீர்
மறுபக்கம் வயலுக்குள்
சத்தமாய் விழுந்துகொண்டிருந்தது.

கடைசிக்கட்டக் காசுக்குத் தையில் போனேன்.
வடகிழக்கு யன்னலுக்கு மேலே
மயிரளவு வெடிப்பு.
அதன் இரு நுனியிலும்
பென்சிலால் சின்னக் கோடு, பக்கத்தில் திகதி.
"நீளுதோ எண்டு பாக்கிறன்" என்றாள்.

இன்றைய திகதியைப் போடச் சொல்லி
பென்சிலை என்னிடம் தந்தாள்.
நுனி, பழைய கோட்டிலேயே நின்றது.
கோட்டுக்குக் கோடு சேர்த்துப் போட்டேன்.